மயிலும் விமானமும்

எங்கள் மடத்துக்குளம் பக்கம் காலையில் தோட்டத்துப் பக்கம் போனால் மக்காச்சோளக் காட்டில் மயில் மேய்ந்துகொண்டிருக்கும். விவசாயிக்குத் தலைவலி, பார்ப்பவர்களுக்கு அழகு. இதே மயில் கோவை விமான நிலையத்தையும் கவலைப்பட வைக்கிறது என்று படித்தபோது சிரிப்புதான் வந்தது. அந்தக் கதையைத் தேடிப் போனால் விமானம் பிறந்த காலத்துக்கே போகிறது!

1903-ல் ரைட் சகோதரர்கள் பறந்தார்கள். இரண்டே வருடம்தான். 1905 செப்டம்பர் 7-ல் ஆர்வில் ரைட் டேட்டன் நகருக்குப் பக்கத்தில் பறவைக் கூட்டத்தை விமானத்தில் விரட்டிப் போனார். ஒன்று அடிபட்டு இறக்கை மேலேயே விழுந்தது. அன்று செத்தது பறவை மட்டும்தான்.

அடுத்த முறை மனிதன். 1911-ல் அமெரிக்காவை முதன்முதலாக விமானத்தில் குறுக்காகக் கடந்தவர் கால்பிரெய்த் ராட்ஜர்ஸ். வழியெல்லாம் விழுந்து எழுந்து போனவர் அவர். 1912 ஏப்ரல் 3-ல் கலிபோர்னியாவின் லாங் பீச் கடற்கரையில் பறந்தபோது கட்டுப்பாட்டுக் கம்பிகளில் ஒரு கடற்பறவை சிக்கியது. விமானம் விழுந்து இறந்துபோனார்.

இவை எல்லாம் சின்ன விமானங்கள். பெரிய விமானம் தப்பிக்குமா? 1960 அக்டோபர் 4-ல் பாஸ்டனில் கிளம்பிய விமானத்தின் எஞ்சின்களுக்குள் ஸ்டார்லிங் குருவிகள் புகுந்தன. நம்ம மைனாவின் சொந்தக்காரப் பறவை அது. 62 பேர் பலி. அதற்குப் பிறகுதான் எஞ்சின் பறவையைத் தாங்குமா என்று சோதிப்பது கண்டிப்பானது.

பெரிய பயணி விமானத்தின் முன் கண்ணாடி சுமார் 1.8 கிலோ பறவை மோதினாலும் உடையக்கூடாது என்பது விதி. சாதாரண சின்ன விமானத்துக்கு அந்தக் கண்டிப்பு இல்லை. பெரும்பாலும் ஒரே எஞ்சின் வேறு. இப்போது நம்ம ஆண் மயிலை நினைத்துப் பாருங்கள். எடை 4 முதல் 6 கிலோ! சுட்டு விரட்டவும் முடியாது. 1963-லிருந்து தேசியப் பறவை, 1972 வன உயிரினச் சட்டத்தின் பாதுகாப்பும் உண்டு.

நம் நாட்டில் பறவை மட்டும் இல்லை. 2014 நவம்பரில் சூரத்தில் கிளம்பிக்கொண்டிருந்த விமானம் ஓடுபாதையில் எருமை மேல் மோதியது. 2015 டிசம்பரில் ஜபல்பூரில் இறங்கிய விமானம் காட்டுப்பன்றிகள் மேல் மோதி ஓடுபாதையை விட்டே விலகியது. நல்லவேளை, இரண்டிலும் பயணிகள் தப்பினார்கள். இரண்டுமே சின்ன விமான நிலையங்களாக இருந்தவை என்பதைக் கவனியுங்கள். சுற்றி வயலும் புதரும் இருக்கும். சுவரில் ஓர் ஓட்டை இருந்தால் போதும்.

சரி, தப்பு யார் மேல்? 1937 விமான விதிகளில் 91-வது விதி ஒன்று இருக்கிறது. விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் பறவை, விலங்குகளை இழுக்கும்படி ஆடுமாடு அறுக்கக்கூடாது, குப்பை கொட்டக்கூடாது என்கிறது. இந்த விதி பேசுவது பறவையிடம் இல்லை, நம்மிடம்! பருந்து விமானத்தைத் தேடி வருவதில்லை. நாம் வீசிய கோழிக் கழிவைத் தேடி வருகிறது.

நான் படிப்பது வணிகவியல். ரிஸ்க் என்றால் இன்சூரன்ஸ் என்றுதான் பாடத்தில் வரும். நடந்த பிறகு பணம் கொடுப்பது இன்சூரன்ஸ். நடக்காமல் பார்ப்பது வேலியும், வெட்டிய புல்லும், ஒழுங்காக அள்ளிய குப்பையும்தான். முதல் இரண்டும் விமான நிலையத்தின் வேலை. மூன்றாவது விமானத்தில் ஒருமுறைகூட ஏறாத நம்ம ஊர்க்காரரின் கையில் இருக்கிறது.

அடுத்த முறை கறிக்கடைப் பையைச் சாலையோரம் வீசும்முன் ஒரு நிமிஷம் வானத்தைப் பாருங்கள்.