பழைய பெட்ரோல் கோல்ஃப் பக்கியில் எஞ்சின் மாற்றம்

கோல்ஃப் திடலில் ஆட்டக்காரரையும் மட்டைப் பையையும் சுமந்து செல்லும் பெட்ரோல் வண்டியின் தேய்ந்துபோன எஞ்சினைக் கழற்றிவிட்டு, தண்ணீர் பம்புக்கும் ஜெனரேட்டருக்கும் என்று செய்யப்பட்ட பொதுப்பயன் எஞ்சின் ஒன்றை அங்கே பொருத்துவதே எஞ்சின் மாற்றம். சிங்கப்பூரில் இந்த வண்டிக்குப் பக்கி என்று பெயர். புது எஞ்சினைச் சட்டத்தில் உட்காரவைப்பது சுலபமான பங்கு. மிதியை அழுத்தினால் கிளம்பி, காலை எடுத்தால் அடங்குகிற பழைய பக்கியின் பழக்கத்தைப் புது எஞ்சினுக்கும் கற்றுக்கொடுப்பதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது.

சிங்கப்பூரின் முதல் கோல்ஃப் திடல் இன்றைய லிட்டில் இந்தியாவை ஒட்டித்தான் இருந்தது. ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் பெயர் தந்த குதிரைப் பந்தயத் திடல் 1843 முதல் அங்கே இயங்கியது. 1891ல் தொடங்கிய சிங்கப்பூர் கோல்ஃப் கிளப் அந்தத் திடலின் புல்வெளியிலேயே ஒன்பது குழிகளை அமைத்துக்கொண்டது. கிளப் 1924ல் புக்கிட் தீமாவுக்குப் போனது. பந்தயக் குதிரைகள் 1933ல் போயின. அந்த நாளில் பைகளைத் தூக்கியவர்கள் ஆட்கள். எஞ்சின் வண்டி வர இன்னும் பல ஆண்டுகள் இருந்தன.

அமெரிக்காவின் அகஸ்டா நகரில் 1954ல் தொடங்கிய ஈ-ஸி-கோ, 1962ல் அதே ஊருக்குக் குடிபெயர்ந்த கிளப் கார், பின்னால் வந்த ஜப்பானின் யமஹா ஆகிய மூன்று பெயர்களே இந்தத் தொழிலில் பெரியவை. ஹார்லி-டேவிட்சனும் 1963 முதல் 1982 வரை கோல்ஃப் வண்டி செய்தது. அதன் இரண்டு-ஸ்ட்ரோக் எஞ்சின் இருபுறமும் சுழலும். பின்னால் போக எஞ்சினையே எதிர்த்திசையில் ஓடவிட வேண்டும். இத்தகைய வண்டியில் ஒரே திசையில் சுழலும் நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சினை வைத்தால் வண்டி முன்னால் மட்டுமே போகும். ரிவர்ஸ் உள்ள பின் அச்சுப் பெட்டி தனியே கிடைக்காவிட்டால் அந்த மாற்றத்தைத் தொடாமல் இருப்பதே நல்லது.

மாற்றத்துக்குத் தேவை எப்படி வருகிறது? கிளப் கார் வண்டியின் அடிச்சட்டம் அலுமினியம். சிங்கப்பூர் ஈரக்காற்றிலும் துருப்பிடிக்காது. எஞ்சின் அப்படியில்லை. ஈ-ஸி-கோவில் வந்த ராபின் 295 சிசி எஞ்சினைச் செய்த நிறுவனம், 2017ல் சிற்றெஞ்சின் தொழிலையே விட்டுவிட்டது. அதே 2017 ஜூலை 10ஆம் தேதி, லிட்டில் இந்தியாவின் தேக்காவிலிருந்து நடந்தே போகக்கூடிய சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையும் மூடப்பட்டது. 1930கள் முதல் பழைய கருவிகளும் உதிரிகளும் தரையில் பரப்பிவைத்து விற்கப்பட்ட இடம் அது. ஜாலான் புசார் பக்கம் இன்றும் இரும்புச் சாமான் கடைகள் உண்டு. போல்ட், பெல்ட், பேரிங் வாங்கலாம். ஆனால் பழைய எஞ்சினைக் கையில் தூக்கிப் பார்த்து விலை பேசும் அந்தத் தெருவுக்கு ஈடு எதுவும் வரவில்லை. உண்மையான இழப்பு அது.

இன்னொரு காரணம் சட்டத்தில் இருக்கிறது. சாலையில் ஓடும் காருக்கு 1990 மே முதல் வாகன உரிமைச் சான்றிதழ் தேவை. அதன் ஆயுள் 10 ஆண்டு. எஞ்சின் எண் பதிவேட்டில் இருப்பதால், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதியில்லாமல் எஞ்சினை மாற்ற முடியாது. வேலியிட்ட புல்வெளிக்குள் மட்டுமே ஓடும் பக்கிக்கு அந்தக் கெடு இல்லை. அடிச்சட்டம் தாங்கும்வரை ஓடலாம். எஞ்சின் மாற்றிய பக்கியைப் பொதுச் சாலையில் ஓட்டிப் பார்க்கலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம்.

மாற்று எஞ்சினாகப் பெரும்பாலும் வைக்கப்படுவது ஹோண்டா ஜிஎக்ஸ்390 அல்லது அதைப் பார்த்துச் சீனாவில் செய்யப்பட்ட எஞ்சின்கள். 389 சிசி, ஒற்றை சிலிண்டர், காற்றுக் குளிர்ச்சி, நிமிடத்துக்கு 3,600 சுற்று, 1.1 லிட்டர் எண்ணெய். தண்டு 25.4 மில்லிமீட்டர், நேர் உருளை. பக்கியின் டிரைவ் க்ளட்ச்சோ கூம்புத் தண்டுக்குச் செய்தது. ஆகவே கூம்புத் தண்டு உள்ள எஞ்சினைக் கேட்டு வாங்க வேண்டும், அல்லது நேர்த்தண்டில் ஏறும் க்ளட்ச் வாங்க வேண்டும். லேத் பட்டறையில் ஒரு புஷ் கடைந்து ஒட்டவைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்: நூலிழை ஆட்டம் இருந்தாலும் அந்த வேகத்தில் அது தண்டைத் தின்றுவிடும்.

இனி தொடக்கத்தில் சொன்ன அந்தப் பழக்கத்துக்கு வருவோம். பழைய பக்கி நிற்கும்போது எஞ்சின் ஓடாது. மிதியை அழுத்தியதும் ஒரு சிறு சுவிட்ச் மூடும், சொலினாய்டு ‘டக்’ என்று ஒலிக்கும், பெல்ட்டால் எஞ்சினோடு எப்போதும் பிணைந்திருக்கும் ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டர் எஞ்சினைச் சுழற்றும். எஞ்சின் பற்றிக்கொண்டதும் அதே கருவி மின்சாரம் தரத் தொடங்கிவிடும். ஓட்டுபவரின் கால் மிதியிலேயே இருக்கிறது. அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. பொதுப்பயன் எஞ்சினோடு வரும் ஸ்டார்ட்டர் வேறு சாதி. அதன் சிறு பல்சக்கரம் ஃப்ளைவீல் பல்லில் பாய்ந்து கடித்துச் சுழற்றி விலக வேண்டியது. அதை மிதி சுவிட்சோடு இணைத்தால், கால் எடுக்கும்வரை பல்லோடு பல் அரைந்துகொண்டே இருக்கும். சில நாளில் ஸ்டார்ட்டர் போய்விடும்.

எனவே வழி இரண்டு. பழைய ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டரையே வைத்துக்கொள்ள நினைத்தால், அதைத் தாங்கத் தகடு வெட்டி வெல்டிங் செய்து, க்ராங்க் தண்டோடு சுழலும் கப்பி ஒன்றையும் பொருத்த வேண்டும். மிதி மேலே வந்ததும் மக்னெட்டோ காயிலின் நிறுத்தக் கம்பி சட்டத்தைத் தொடும்படி ஒரு ரிலேயும் தேவை. இந்த எஞ்சின்கள் அணைவது அந்தக் கம்பி அப்படித் தொடும்போதுதான். மற்றது சாவியால் கிளப்பி, நிற்கும்போதும் எஞ்சினை ஓடவிடுவது. செலவு குறைவு, கம்பி வேலையும் குறைவு. ஆனால் வண்டியின் குணமே மாறிவிடும். எஞ்சின் நின்ற பிறகே திசை மாற்றுவதற்கென்று செய்யப்பட்ட கியர்பெட்டி அது. ஓடும் எஞ்சினோடு ரிவர்ஸ் போட்டால், டிரைவ் க்ளட்ச் முழுதாக விட்டிருக்காவிடில் பல் கரகரக்கும். ஐடில் வேகம் க்ளட்ச் பிடிக்கும் வேகத்துக்கு நன்றாகக் கீழே இருக்க வேண்டும். இல்லையென்றால் யாரும் மிதிக்காமலே வண்டி ஊர்ந்து போகும். குழந்தைகள் ஏறி விளையாடும் இடத்தில் இந்த இரண்டாம் வழியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பெட்ரோலுக்கும் ஒரு ஏற்பாடு தேவை. பொதுப்பயன் எஞ்சினின் டேங்க் தலைக்குமேல் உட்கார்ந்திருக்கும், எரிபொருள் தானே இறங்கும். பக்கியின் டேங்க் இருக்கைக்கு அடியில், எஞ்சினுக்குப் பக்கத்தில். அங்கே எஞ்சினின் உள்மூச்சில் துடிக்கும் வெற்றிட பம்பு வைத்துப் பெட்ரோலை ஏற்ற வேண்டும். குழாய் சைலன்சருக்கு அருகில் போகக் கூடாது. மூடிய இருக்கைப் பெட்டிக்குள் வெப்பம் தேங்கும். காற்று உள்ளே வரவும் வெளியே போகவும் வழி விடாத மாற்றம், முப்பது டிகிரிக்கு மேல் காயும் இவ்வூர்ப் பகலில் நீடிக்காது.

பெல்ட்டில்தான் கைத்திறன் தெரியும். முன் க்ளட்ச்சுக்கும் பின் க்ளட்ச்சுக்கும் இடையே பழைய எஞ்சினில் இருந்த தூரமே புதியதிலும் இருக்க வேண்டும். கழற்றும் முன்பே அளந்து சுவரில் எழுதி வைப்பார் பழகிய மெக்கானிக். பொருத்திய பின், நேரான இரும்புப் பட்டை ஒன்றை இரு க்ளட்ச் முகங்களிலும் சாய்த்து, இடுக்கில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பார். சாய்வு இருந்தால் சில நாள் ஓட்டத்திலேயே பெல்ட் ஓரம் நைந்து கறுப்புத் தூள் உதிரும். எஞ்சின் அடிப்பலகையில் போல்ட் ஓட்டையை நீளத் துளையாகக் கடைந்துவைத்தால் தள்ளித் தள்ளிச் சரிசெய்யலாம்.

கவர்னரைக் கழற்றச் சொல்பவர் பேச்சைக் கேட்கக் கூடாது. பக்கியில் வேகக் கட்டுப்பாடு சக்கர வேகத்தை அறிந்து த்ராட்டிலைப் பின்னிழுக்கும். அதன் கேபிளைப் புது கார்புரேட்டரோடு இணைப்பது கட்டாயம். எஞ்சினின் சொந்தக் கவர்னர் வேறு, அதுவும் இருக்கட்டும். 3,600 சுற்றுக்கு மேல் விரட்டினால் அலுமினிய கனெக்டிங் ராட் முறியும், வார்ப்பு ஃப்ளைவீல் வெடிக்கவும் கூடும். இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு பிரேக் பின் சக்கரங்களில் மட்டும்தான், அதுவும் கேபிளால் இழுபடுவது. மணிக்கு இருபது கிலோமீட்டர் சொச்சத்துக்கென்று செய்த பிரேக்கை நாற்பதில் நம்பியவர் சரிவில்தான் தவறைத் தெரிந்துகொள்வார்.

புது எஞ்சினின் முதல் எண்ணெயை 20 மணி நேர ஓட்டத்தில் வடித்துவிட வேண்டும். உள்ளே உரசிய உலோகத் துகள் அதில் மினுமினுக்கும். பழைய எண்ணெயைக் கேனில் பிடித்து, கழிவெண்ணெய் எடுக்க உரிமம் பெற்றவரிடம் கொடுப்பதே முறை. லிட்டில் இந்தியாவின் ரோவல் சாலைப் பின்சந்தின் வடிகாலில் விழும் சொட்டு ரோச்சோர் கால்வாய்க்குப் போகிறது. 2008ல் மரினா அணை கட்டிய பிறகு அந்தக் கால்வாய்த் தண்ணீர் சேருமிடம் குடிநீர்த் தேக்கம்.