வெள்ளை பியர் ஏன் கறுப்பாக இருக்கிறது?

மியூனிக்கில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், இங்கே கோதுமை பியரை வெள்ளை பியர் என்கிறார்கள். எனக்குக் கொடுத்ததோ கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருக்கிறது. இது எப்படி?" பியரைப் பற்றி வாத்தியார் எழுதுவதா என்று முகம் சுளிக்க வேண்டாம். இதில் பாதி வரிப் பணத்தின் வரலாறு.

பார்லியில் வடித்த பழுப்பு பியருக்குப் பக்கத்தில் கோதுமை பியர் வெளிறித் தெரிந்ததால் வந்த பெயர் 'வைஸ்', அதாவது வெள்ளை. தானியத்தை முளைகட்டி, சூட்டில் எவ்வளவு வறட்டுகிறோமோ அந்த அளவுக்கு நிறம் ஏறும். இன்று கடைகளில் அதிகம் கிடைப்பது பொன்னிறக் கோதுமை பியர். ஆனால் பழைய பவேரியக் கோதுமை பியர் பெரும்பாலும் கருநிறமாகவே இருந்திருக்கிறது. மாணவர் குடித்த 'டுங்கெல்வைசென்' அந்த வழியில் வந்தது.

இனி சட்டத்துக்கு வருவோம். 1516 ஏப்ரல் 23 அன்று இங்கோல்ஸ்டாட் நகரில் பவேரிய டியூக்குகள் நான்காம் வில்ஹெல்மும் பத்தாம் லுட்விக்கும் ஓர் ஆணை பிறப்பித்தார்கள். பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர பியரில் வேறெதுவும் கூடாது. இதைத்தான் 'தூய்மைச் சட்டம்' என்று விளம்பரங்கள் கொண்டாடுகின்றன. அந்தப் பெயரே 1918இல் வந்தது! மூல ஆணையில் பெரும்பகுதி விலைக் கட்டுப்பாடு: குளிர்காலத்தில் ஒரு குவளை ஒரு பென்னிக்கு மேல் விற்கக் கூடாது, கோடையில் இரண்டு. கோதுமை ரொட்டிக்கு வேண்டும், அதனால் விலக்கினார்கள் என்பது வழக்கமான விளக்கம்.

சட்டத்தின்படி அன்றோடு கோதுமை பியர் ஒழிந்திருக்க வேண்டும். ஆனால் டேகன்பெர்க் என்ற பிரபுக் குடும்பத்துக்கு மட்டும் அதை வடிக்கத் தனி உரிமை கிடைத்தது. 1602இல் அந்தக் குடும்பம் வாரிசின்றி முடிந்ததும், உரிமை டியூக் முதலாம் மாக்ஸிமிலியன் கைக்குப் போனது. பொதுச் சட்டத்தைக் காட்டி அவர் அதை ரத்து செய்திருக்கலாம். செய்யவில்லை. தானே முதலாளி ஆகிவிட்டார்! மியூனிக்கில் இன்று உலகமே போய்ப் பார்க்கும் ஹோஃப்பிராய்ஹவுஸ் இருக்கும் இடத்தில் 1607இல் எழுந்தது அவருடைய கோதுமை பியர்ச் சாலைதான்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. தீ விபத்துக்கும் கெட்டுப்போகும் சரக்குக்கும் பயந்து 1553 முதல் கோடையில் பியர் வடிக்கத் தடை இருந்தது. கோதுமை பியரின் ஈஸ்ட் வெதுவெதுப்பில் வேலை செய்யும் வகை. ஆகவே மற்றவர்கள் அடுப்பை அணைத்த மாதங்களிலும் டியூக்கின் அடுப்பு எரிந்தது. கஜானா நிறைந்தது. முப்பதாண்டுப் போரில் பவேரியா செலவிட்ட பணத்தில் இந்த நுரைக்கும் பங்கு உண்டு. ஊரார் எல்லோருக்கும் ஒரு சட்டம், ஆள்பவருக்கு ஒரு விலக்கு. இதில் எனக்கு வியப்பில்லை. அந்த விலக்குதான் ஒரு ருசியைக் காப்பாற்றியது என்பதுதான் வேடிக்கை.

பிறகு மக்கள் ரசனை மாறி வருமானம் சுருங்கியதும் அரசர்களுக்கு அக்கறை போய்விட்டது. 1872இல் இரண்டாம் லுட்விக் மன்னர் உரிமையைக் கைவிட, அரச பியர்ச் சாலையைக் குத்தகைக்கு நடத்தி வந்த கியோர்க் ஷ்னைடர் அதை வாங்கினார். அந்தக் குடும்பம் இன்றும் கோதுமை பியர் வடிக்கிறது. 1950களில்கூட இது கிழவர்கள் உடம்புக்கு நல்லதென்று குடிக்கும் சமாச்சாரமாகவே இருந்தது. இளைஞர்கள் திரும்பியது அதன் பிறகுதான்.

ருசி பற்றியும் கேட்டிருந்தார். டுங்கெல்வைசெனில் ரொட்டியின் முறுகிய ஓரமும் காய்ச்சிய சர்க்கரையும் முன்னே நிற்கும். பின்னால் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். இரண்டையும் யாரும் சேர்ப்பதில்லை, எல்லாம் ஈஸ்ட் செய்யும் வேலை. ஆனால் 1516 ஆணையில் ஈஸ்ட் என்ற சொல்லே கிடையாது. ஹாப்ஸின் கசப்பு மிகக் குறைவு. ஐஸ் போலக் குளிர்ந்திருந்தால் மணம் எழாது. எட்டு டிகிரி அளவில் இருப்பது நல்லது. உயரமான கண்ணாடிக் குவளையைச் சாய்த்து மெதுவாக ஊற்றி, போத்தலில் கடைசி இரண்டு விரற்கடை இருக்கும்போது நிறுத்தி, ஒரு சுழற்றுச் சுழற்றி, அடியில் படிந்த ஈஸ்டையும் சேர்த்துக் கவிழ்ப்பார்கள். குவளை கலங்கலாகத் தெரிவது அதனால்தான்.