நெடுந்தீவும் அதன் மக்களும்

பாக்கு நீரிணையில் ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்பில் கிடக்கும் நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் தம் நாட்டு நகரான டெல்வ்ற்றின் பெயரைச் சூட்டினர். முருகைக்கல் நிலம், நன்னீர் அரிது. சாந்தின்றி அடுக்கிய கல்வேலிகள், பெருக்குமரம், அந்நியர் கொணர்ந்த குதிரைகளின் கட்டாக்காலி வழித்தோன்றல்கள் ஆகியவற்றையே பார்க்கச் செல்வோர் பெரிதும் பேசுவர்.

தீவாருக்கோ கடலே வீதி. குறிகட்டுவானுக்குப் படகில் சுமார் ஒரு மணி நேரம். அவ்வழியிற்றான் 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டனர். கொன்றவர்கள் கடற்படையினரே என உயிர்தப்பியோர் கூறினர்.

போர் பலரைப் புலம்பெயரச் செய்தது. 2012 குடிசன மதிப்பீட்டில் எஞ்சியோர் 5,000க்கும் குறைவு. குதிரைகளைக் காணச் செல்லும் அன்பர்கள், இம்மக்களின் கதையையும் கேட்டு வருவார்களாக.