கடல்மல்லை முதல் அணுபுரம் வரை

உலகமயமாதல் என்னும் சொல் தமிழுக்குப் புதியது; அச்சொல் குறிக்கும் நிகழ்வு தமிழ்க் கரைக்குப் புதியதன்று. 1991ஆம் ஆண்டில் இந்தியப் பொருளாதாரத்தின் கதவுகள் திறக்கப்பட்டன. 1995 சனவரி முதல் நாளில் உலக வணிக அமைப்புத் தோன்றியது. இவற்றை ஒட்டி இச்சொல் மேடைதோறும் ஒலிக்கலாயிற்று. அம்மேடைகளில் கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடலை எடுத்துக்காட்டி, உலகமயத்தைத் தமிழர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டனர் என்று பெருமை கொள்வதும் மரபாகிவிட்டது. பெருமைக்கு இடமுண்டு. ஆயினும் பெருமையோடு நின்றுவிட்டால், வரலாறு கற்பிக்கும் பாடம் கைநழுவிப் போகும். உலகோடு உறவு கொண்டதால் ஒரு கரை எதைப் பெற்றது, எதை இழந்தது என்னும் கணக்கையும் பார்த்தாக வேண்டும். அதற்குப் பாலாற்று முகத்துவாரத்திலிருந்து மாமல்லபுரம் வரை, ஒருநாள் நடைத்தொலைவே உள்ள கடற்கரை போதும்.

கலம் வந்த காலம்

பல்லவ மன்னன் இராசசிம்மனின் மரபு வரிசையைக் கூறும் தூண் கல்வெட்டு வாயலூரில் உள்ளது. அதனை அடுத்து, பாலாறு கடலோடு கலக்கும் இடத்தில் வசவசமுத்திரம் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. 1970இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அங்கு அகழ்ந்தபோது உறைகிணறுகளும் செங்கல் தொட்டிகளும் வெளிப்பட்டன. அவற்றோடு, மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுவையும் எண்ணெயையும் சுமந்துவந்த ஆம்பொரா எனப்படும் சாடி வகையின் துண்டுகளும் கிடைத்தன. இன்று பெயர் கேட்டாலும் பலர் அறியாத அவ்வூர், ஒரு காலத்தில் கடல் கடந்த வணிகத்தோடு உறவு பூண்டிருந்தது என்பதற்கு அந்த ஓடுகளே சான்று.

பல்லவர் காலத்தில் இப்பெருமை மல்லைக்கு வந்தது. கடல்மல்லையைப் பாடிய திருமங்கையாழ்வார், பொருட்குவைகளைச் சுமந்த கலங்கள் அத்துறையில் இயங்கியதைப் பெரிய திருமொழியில் பதிவு செய்துள்ளார். கடற்கரைக் கோயிலை எடுப்பித்த இராசசிம்மனின் தூதர்கள் 720ஆம் ஆண்டில் தாங் மரபுப் பேரரசரின் அவைக்குச் சென்றனர் என்று சீன ஆவணங்கள் கூறுகின்றன. சீனப் பேரரசரின் பொருட்டு அம்மன்னன் ஒரு கோயில் எழுப்பி, அதற்குப் பெயர் வேண்டினான் என்றும் அவை குறிக்கின்றன. ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்குப் பின், 2019 அக்டோபர் 11, 12 ஆகிய நாள்களில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் சந்தித்துப் பேச இதே மல்லை தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அப்பழைய தூது மீண்டும் நினைவுகூரப்பட்டது.

மல்லையின் கலங்களில் பண்டம் மட்டுமா சென்றது? பல்லவ எழுத்து எனப்படும் தென்னிந்திய எழுத்து மரபு கடல் கடந்தது. கம்போடியாவின் கெமர் எழுத்தும் சாவகத்தின் பழைய எழுத்தும் அம்மரபில் கிளைத்தவை. தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளத்தை மணிக்கிராமத்தார் முதலானோரின் காவலில் வைத்ததைக் கூறுகிறது. அவனிநாராயணன் என்பது மூன்றாம் நந்திவர்மனின் விருதுப் பெயர். அயல்நாட்டில் வணிகம் செய்யப் போனவர்கள், அம்மண்ணில் ஒரு குளத்தையும் அதற்குத் தம் மன்னனின் பெயரையும் விட்டு வந்தனர். பெயர்கள் மாறலாம், ஆட்சிகள் அழியலாம். தாகம் தீர்த்த நீரின் நினைவு எளிதில் அழிவதில்லை.

கோட்டை எழுந்த காலம்

மல்லைக்குத் தெற்கே உள்ளது சதுரங்கப்பட்டினம். 14ஆம் நூற்றாண்டில் சம்புவராய மன்னனின் பெயரால் இராசநாராயணன் பட்டினம் என வழங்கிய ஊர் இது. 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் இங்கே காலூன்றினர். அவர்கள் உள்ளத்தில் இருந்தவை மொலுக்காத் தீவுகளின் கிராம்பும் சாதிக்காயும். அத்தீவு மக்கள் விரும்பிப் பெற்றதோ சோழமண்டலக் கரையின் துணி. துணி கொடுத்தால்தான் நறுமணப் பொருள் கிடைக்கும் என்னும் நிலை இருந்தது. ஆதலால்தான் ஒல்லாந்த அதிகாரி எண்ட்ரிக் புரோவர், 1612இல் இக்கரையை மொலுக்காவின் இடக்கை என்று வருணித்தார்.

அவ்வருணனையின் உட்பொருளை எண்ணிப் பார்த்தல் தகும். கை உழைக்கும், ஆனால் எங்கே நீள்வது என்பதைக் கை முடிவு செய்வதில்லை. சதுரங்கப்பட்டினத்து மெல்லிய துணி கடல் கடந்து புகழ் பெற்றது. ஆயினும் அதன் விலையை உறுதி செய்யும் உரிமை நெய்தவனிடமிருந்து மெல்ல மெல்ல விலகிற்று. கொடிய பஞ்சங்கள் நேர்ந்த ஆண்டுகளில், பழவேற்காடு முதலான துறைகளிலிருந்து மனிதரையே அடிமைகளாக வாங்கிக் கப்பலேற்றி, பத்தேவியா முதலிய இடங்களுக்கு ஒல்லாந்தர் கொண்டு சென்றதும் அந்நூற்றாண்டின் வரலாறே. நாடுகளை இணைத்த அதே கப்பல்தான், குடும்பங்களைப் பிரித்த கப்பலும் ஆயிற்று.

உலகின் ஒரு மூலையில் எழுந்த பூசல் மறுமூலையில் எதிரொலிப்பது இக்காலப் புதுமை என்பர். சதுரங்கப்பட்டினம் அதனை அன்றே கண்டது. 1754 சனவரியில், பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் நடுநிலை நிலமாகிய இவ்வூரில் கூடிப் பேசினர், பேச்சு முறிந்தது. அமெரிக்கக் குடியேற்றங்கள் இங்கிலாந்தை எதிர்த்துப் போராடிய காலத்தில், அவற்றோடு ஒல்லாந்தர் வணிகம் செய்ததைப் பொறாது, 1780இன் இறுதியில் இங்கிலாந்து ஒல்லாந்தின்மேல் போர் தொடுத்தது. அதன் விளைவாக 1781இல் சதுரங்கப்பட்டினக் கோட்டை ஆங்கிலேயர் கைப்பட்டது. 1782 பிப்ரவரி 17 அன்று, பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனின் கப்பற்படையும் ஆங்கிலத் தளபதி எட்வர்டு இயூசின் கப்பற்படையும் இக்கடற்பரப்பில் மோதின. அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் மூண்ட தீயின் புகை, வங்கக் கடலோரச் சிற்றூரின் வானையும் மூடிற்று.

முடிவும் தொலைவிலேயே எழுதப்பட்டது. 1824 மார்ச் 17 அன்று இலண்டனில் ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். அதன்படி இந்தியாவில் ஒல்லாந்தர் வசமிருந்த இடங்களும் மலாக்காவும் ஆங்கிலேயருக்கும், சுமத்திராவின் பென்கூலன் ஒல்லாந்தருக்கும் உரியவையாயின. 1825இல் சதுரங்கப்பட்டினம் கைமாறியது. அவ்வூர் நெசவாளரையோ மீனவரையோ கேட்டு அந்த ஏடு எழுதப்படவில்லை. பின்னர் ஆங்கில ஆலைகளின் துணி இந்தியச் சந்தையில் குவிந்தபோது, கடல் கடந்து புகழ்பெற்ற இக்கரையின் தறிகள் நலிந்தன. எஞ்சியவை செங்கல் மதில்களும், வேலைப்பாடு மிக்க ஒல்லாந்தர் கல்லறைகளும்.

கதவு சாத்திய காலம்

கோட்டையை அடுத்த கல்பாக்கத்தில், 20ஆம் நூற்றாண்டில் உலகத்தொடர்பின் மூன்றாம் இயல் தொடங்கிற்று. இவ்வியல் திறந்த கதவைப் பற்றியதன்று. சாத்திய கதவைப் பற்றியது. 1974 மே 18 அன்று பொக்ரானில் இந்தியா அணுவெடிப்புச் சோதனை நடத்தியது. அதுவரை உதவிய கனடா தன் உதவியை நிறுத்திக்கொண்டது. அணுப்பொருள் வழங்கும் நாடுகள் ஒரு குழுவாகிக் கட்டுப்பாடு விதித்தன. ஆயினும் கல்பாக்கத்தில் எழுந்துகொண்டிருந்த சென்னை அணுமின் நிலையப் பணி நிற்கவில்லை. 1983 சூலை 2 அன்று அதன் முதல் உலை தொடர்வினை நிலையை எய்தியது.

1971இல் தொடங்கப்பெற்று, பின்னர் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் பெற்ற நிறுவனத்தின் கதை இன்னும் நுட்பமானது. அதன் அதிவேக ஈனுலை பிரான்சின் ரேப்சொடி உலையை முன்மாதிரியாகக் கொண்டது. செறிவூட்டிய யுரேனியம் கிடைக்காத நிலையில், புளுட்டோனியமும் யுரேனியமும் கலந்த கார்பைடு எரிபொருளை இந்திய அறிவியலாளர் தாமே உருவாக்கினர். 1985 அக்டோபர் 18 அன்று உலை இயங்கியது. நட்பால் பெற்ற வடிவமும் மறுப்பால் பெற்ற உறுதியும் ஒரே உலையில் கூடின. 2008 செப்டம்பரில் அந்நாடுகளின் குழுவே இந்தியாவுக்கு விலக்களித்தது. தன் காலில் நிற்கக் கற்றவனுக்கே கதவு மதிப்போடு திறக்கிறது.

இப்பணிகளுக்கென வந்தோர் வாழும் குடியிருப்புகளுள் ஒன்றே அணுபுரம். பல மாநிலத்தாரும் பல மொழியாரும் அங்கே அடுத்தடுத்த வாயில்களில் வாழ்கின்றனர். அந்த ஊர்ப்பெயரே இக்கால அறிவியலும் பழந்தமிழ் 'புர'மும் இணைந்த ஒரு சொல்லோவியம்.

அலையும் எழுத்தும்

2004 டிசம்பர் 26 காலையில் சுமத்திராவுக்கு அருகே கடலடித் தளம் பிளந்தது. சில மணி நேரத்தில் அந்த அலை கல்பாக்கத்தை அடைந்தது. இயங்கிக்கொண்டிருந்த இரண்டாம் உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. குடியிருப்பிலும் மீனவர் குப்பங்களிலும் உயிர்கள் பறிபோயின. ஒருகாலத்தில் துணி சென்ற அதே கடல்வழியில் துயரம் வந்தது. அலையின் வருகையை முன்கூட்டி உரைக்க, இந்தியப் பெருங்கடல் நாடுகளிடையே அன்று ஓர் ஏற்பாடு இல்லை. எச்சரிக்கை நிலையம் ஐதராபாத்தில் 2007இல்தான் அமைந்தது. பண்டங்களுக்குப் பாதை அமைக்க முந்திக்கொண்ட உலகம், உயிர்களைக் காக்கும் செய்திக்குப் பாதை அமைக்கப் பிந்திவிட்டது. அதே அலை சாளுவன்குப்பத்தில் மணலை அரித்து, பழைய முருகன் கோயில் ஒன்று வெளிப்பட வழி செய்ததையும் வரலாறு குறித்துக்கொண்டது.

மொழியின் கணக்கையும் பார்த்தல் வேண்டும். அன்று எழுத்து இக்கரையிலிருந்து சென்றது. கணினிக் காலத்தில், தமிழ் எழுத்தைத் திரையில் ஏற்றும் முயற்சி பல நாடுகளில் முளைத்தது. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி அதில் முன்னோடியாகத் திகழ்ந்தார். 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. தமிழ்99 என்னும் பொது விசைப்பலகை பிறந்தது. புலம்பெயர்ந்தோர் தாய்நிலத்துக்குத் திருப்பித் தந்த சீதனம் அது.

ஆக, இக்கரை தரும் கணக்கு தெளிவானது. பண்டத்தை மட்டும் கொடுத்த உறவு கல்லறைகளை விட்டுச் சென்றது. எழுத்தையும் குளத்தையும் கொடுத்த உறவு நினைவில் வாழ்கிறது. அறிவை ஈட்டிக்கொண்ட உறவு தலைநிமிர்ந்து நிற்கிறது. பூங்குன்றனாரின் பாடலில் எல்லா ஊரையும் தம்மூராகக் கொள்ளும் தொடக்கமே மேடைகளில் மிகுதியும் ஒலிக்கிறது. உயர்ந்தோரைக் கண்டு மலைக்காமலும் எளியோரைக் கண்டு இகழாமலும் வாழச் சொல்லும் அதன் முடிவு மறக்கப்படுகிறது. அம்முடிவு இல்லையேல், தொடக்கம் வணிகர் முழக்கமாகிவிடும். இரண்டையும் ஒருசேரச் சொல்லவல்லவர் கவிஞரே. கலங்கள் வந்த கரையில் வாழும் கவிஞருக்கு அக்கடமை இன்னும் மிகுதி.