மரக்காலை

ஈழத்தமிழில் ‘காலை’ விடியற்பொழுது மட்டுமல்ல; மாடுகளை அடைக்கும் வேலியிட்ட இடமும் காலைதான். மாட்டுக்காலை, விறகுகாலை, மரக்காலை எல்லாம் இந்த அடைப்பிலிருந்து கிளைத்தவை. மரங்களை அடுக்கிவைத்து விற்கும் இடம் மரக்காலை. தமிழகத்தில் மரவாடி என்பார்கள். மந்தையை அடைத்த சொல்லே மரத்தையும் அடைத்துக்கொண்டது எனக்கு மிகவும் பிடித்த பொருள்மாற்றம்.

மரக்காலையில் அடுக்கிய, வட இலங்கையின் வன்னிக் காட்டு மரம் ஆற்றோடு மிதந்து வந்ததல்ல. அங்குள்ள கனகராயன் ஆறு மாரியில் பெருகி, கோடையில் மணலாகிவிடும். வெள்ளம் ஓடினாலும் பயனில்லை: பாலை மரமும் கருங்காலியும் நீரில் அமிழும் கனம். ஆகவே மாட்டு வண்டிலே மரம் சுமந்தது. பாலை தண்டவாளத்தின் சிலிப்பர்கட்டையானது. முதிரை வீட்டுக் கதவும் நிலையும் கட்டிலுமானது.