மிக இலகு விமானமும் இலகு விளையாட்டு விமானமும்

ஒருவரோ இருவரோ அமர்வதற்கு மாத்திரம் இடமுடையதாய், ஒரே சிறு எஞ்சினால் இயங்குவதாய், குறுகிய தரையிலிருந்து எழும்பவும் மெதுவாகப் பறந்து மெதுவாகவே இறங்கவும் வல்லதாய் அமைந்த விமானங்களுள், அல்ட்ராலைட் என்றும் மைக்ரோலைட் என்றும் வழங்கும் மிக இலகு விமானமும், லைட் ஸ்போர்ட் எனப்படும் இலகு விளையாட்டு விமானமும் முக்கியமான இரு வகைகள். இவற்றைப் பிரித்துக் காட்டுவது எடையே. எரிபொருளும் ஆட்களும் ஏறிய பின் 450 கிலோகிராமைத் தாண்டாதது இந்திய விதிகளின்படி மைக்ரோலைட். அதற்கு மேற்பட்டு 600 கிலோகிராமுக்குள் அடங்குவது லைட் ஸ்போர்ட். பதிவு, பறக்கத் தகுதி, விமானியின் உரிமம் ஆகிய எல்லாவற்றையும் மேற்பார்ப்பது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம். 1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டத்துக்குப் பதிலாக 2024-இல் இயற்றப்பட்டு 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த பாரதீய வாயுயான் சட்டம் இப்போது இதற்கு ஆதாரமாய் நிற்கிறது.

எடைக்கு அடுத்தபடி கவனிக்கப்படுவது, விமானிகள் ‘ஸ்டால்’ என்று சொல்லும் வேகம். அதாவது இறக்கையின் மேல் ஓடும் காற்று ஒழுங்கு குலைந்து, தூக்கும் விசை வெகுவாகக் குறைந்து, விமானம் சரியத் தொடங்கும் எல்லை. இவ்வெல்லை தாழ்ந்திருக்குமளவு விமானம் மெதுவாக இறங்கலாம். விபத்து நேரினும் மோதலின் வலு குறையும். அமெரிக்கா 1982-இல் வகுத்த விதி, வெறும் எடை 115 கிலோகிராமுக்குட்பட்ட ஒற்றை இருக்கை விமானத்துக்குப் பதிவும் வேண்டாம், உரிமமும் வேண்டாம் என்று தாராளமாகவே விட்டுவிட்டது. 2004-இல் அந்நாடே லைட் ஸ்போர்ட் என்ற வகையைத் தோற்றுவித்து, 600 கிலோகிராம் எடை, 45 நாட் ஸ்டால் வேகம், இரண்டு இருக்கை என்ற வரம்புகளை விதித்தது. ஐரோப்பிய நாடுகள் பல 450 கிலோகிராம் என்ற பழைய வரம்பிலேயே நெடுங்காலம் நின்று, 2018-க்குப் பின்னரே 600 வரை செல்ல இடம் பெற்றன. 2025 ஜூலையில் அமெரிக்கா வெளியிட்ட புதிய விதியோ எடை வரம்பையே அகற்றி, ஸ்டால் வேகத்தையே முதன்மையான அளவுகோலாக்கிவிட்டது. இது நியாயமான மாறுதல் என்றே சொல்ல வேண்டும். எடைக்கு அஞ்சி உறுதியான உடற்கூட்டையும் பெரிய எரிபொருள் தொட்டியையும் துறந்த விமானத்தைவிட, சற்றுக் கனமாயினும் மெதுவாக இறங்கும் விமானம் க்ஷேமமானது.

இவ்வகை விமானங்களின் உடல் பெரும்பாலும் அலுமினியக் குழாய்களைப் பூட்டி, அவற்றின்மேல் டேக்ரான் துணியை இழுத்துக் கட்டியதாகவோ, கார்பன் இழையையும் பிசினையும் கொண்டு வார்த்ததாகவோ இருக்கும். முதல் வகைக்கு நம் நாட்டிலேயே சிறந்த உதாரணம், பெங்களூரில் ராஜ் ஹம்சா ஸ்தாபனம் தயாரித்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்த எக்ஸ்-ஏர். இரண்டாம் வகைக்கு ஸ்லோவேனியா நாட்டின் பிபிஸ்ட்ரெல் விமானங்களைச் சொல்லலாம். இப்பெயர்கள் தோன்றுமுன்பே, 1958-இல் முதன்முதல் பறந்து நம் பறத்தல் சங்கங்களில் ஒரு தலைமுறை விமானிகளைப் பழக்கிய இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸின் இரண்டு இருக்கைப் புஷ்பக், ஏறத்தாழ 610 கிலோகிராம் எடையோடு இன்றைய லைட் ஸ்போர்ட் வரம்பின் வாசற்படியிலேயே நின்றது என்பது பலர் கவனியாத விஷயம்.

சிறு விமானத்தின் சரித்திரம் தமிழ்நாட்டில் ஒரு ஹோட்டல்காரரிடம் தொடங்குகிறது. சென்னையில் ஹோட்டல் நடத்திவந்த கார்சிகா தீவினரான ஜியாகோமோ டி ஏஞ்செலிஸ் என்பவர், ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிய ப்ளேரியோவின் சாதனையால் உந்தப்பட்டு, சிம்ப்சன் கம்பெனியின் பட்டறையில் ஒரு விமானத்தைச் செய்வித்து, 1910-இல் பல்லாவரத்தில் பறந்து காட்டினார். 1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய் வரை தபால் கொண்டுவந்த புஸ் மாத் விமானமும் ஒற்றை எஞ்சின் கொண்ட சிறு விமானமே. அதனைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு ஓட்டி வந்தவர் நெவில் வின்சென்ட். பிற்காலத்தில் விஜய்பத் சிங்கானியா 1988-இல் லண்டனிலிருந்து டெல்லிக்கு மைக்ரோலைட்டில் 23 நாட்களில் வந்து சேர்ந்தார். இந்திய விமானப்படையின் விங் கமாண்டர்கள் ராகுல் மோங்காவும் அனில் குமாரும் 2007-இல் 79 நாட்களில் உலகையே வலம் வந்தனர். 2019 மே மாதத்தில் ஆரோஹி பண்டிட் ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்து, கிரீன்லாந்து வழியாகக் கனடாவுக்குத் தனியே பறந்து, லைட் ஸ்போர்ட் விமானத்தில் அட்லாண்டிக்கைக் கடந்த முதல் பெண் என்ற கீர்த்தியைப் பெற்றார்.

இவையெல்லாம் சாகசங்கள், அன்றாட வழக்கமல்ல. பிரான்ஸிலும் அமெரிக்காவிலும் விவசாயியும் பள்ளி ஆசிரியரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டகையைத் திறந்து சொந்த விமானத்தை வெளியே தள்ளுவது சகஜமாயிருக்க, நம் நாட்டில் மைக்ரோலைட் பெரும்பாலும் தேசிய மாணவர் படையின் பயிற்சிச் சாதனமாகவே நிலைத்தது. விமானப்படை, கடற்படை, மாணவர் படை ஆகிய மூன்றுக்குமாகச் சேர்த்து 194 பிபிஸ்ட்ரெல் விமானங்களுக்கு 2015-இல் அரசாங்கம் ஒப்பந்தம் செய்தமையும் இதையே காட்டும். தனி மனிதரின் பொழுதுபோக்காக இது வேரூன்றாமைக்குத் தைரியக் குறைவோ தொழில்நுட்பக் குறைவோ காரணமன்று. காற்று, தரை, அனுமதி, எரிபொருள் என்பவையே காரணங்கள். அவை நான்கையும் ஒரே இடத்தில் காண விரும்புவோர்க்குத் தூத்துக்குடி மாவட்டத்து ஓட்டப்பிடாரம் வட்டாரம் நல்ல மாதிரி.

வ.உ. சிதம்பரம் பிள்ளை பிறந்த இவ்வூரைச் சுற்றிலும் கரிசல் பூமி. கிழக்கே உப்பளங்களும் மன்னார் வளைகுடாவும். ஓங்கிய மரமோ மலையோ இல்லாத இச்சமவெளி மேலிருந்து பார்ப்பவனுக்கு இறங்குவதற்கென்றே அமைந்ததுபோல் தோன்றும். ஆயினும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்களில் நெருக்குண்டு வெளிப்படும் தென்மேற்குக் காற்று, மழையை மலைக்கப்பால் விட்டுவிட்டு வறண்ட வேகத்தோடு இவ்வட்டாரத்தின்மேல் பாய்கிறது. கரையோர மீனவர் கச்சான் என்று வழங்கும் இக்காற்றின் பருவத்தில், 40 நாட் வேகத்தில் தரையை அணுகும் மைக்ரோலைட்டுக்கு 20 நாட் குறுக்குக் காற்று என்பது தன் வேகத்தில் பாதி. பெரிய ஜெட் விமானத்துக்கு அதே காற்று ஒரு சிறு திருத்தம். நண்பகலில் கரிசல் சூடேறி எழுப்பும் வெப்ப ஓட்டங்களும், பிற்பகலில் கடற்காற்று உள்ளே புகும்போது ஏற்படும் திசை மாற்றமும் சேர்ந்துகொள்ள, பறப்பதற்கு உகந்த வேளை விடிந்த பின் இரண்டொரு மணி நேரமே.

காற்றாலைக்கு நல்ல காற்று இலகு விமானத்துக்குப் பகை. ஓட்டப்பிடாரத்துக்கு மேற்கேயுள்ள கயத்தாறில் தேசியக் காற்றுசக்தி நிறுவனத்தின் காற்றாலைச் சோதனை நிலையமே இருக்கிறது. கோபுரங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. சுழலும் தகடுகளுக்குப் பின்னால் நெடுந்தூரம் கலங்கியோடும் காற்று, தாழப் பறக்கும் இலகுவான இறக்கையை எதிர்பாராமல் புரட்டக் கூடியது. அதே கயத்தாறில் இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமைத்துக் கைவிடப்பட்ட ஓடுதளமும் உண்டு. ஓட்டப்பிடாரத்துக்குத் தெற்கே வாகைக்குளத்தில் இயங்கும் தூத்துக்குடி விமான நிலையம் 2025 ஜூலையில் புதிய முனையம் பெற்றுப் பெரிய விமானங்களை எதிர்நோக்கி வளர்கிறது. இத்தகைய வளர்ச்சி பயணிகளுக்கு அனுகூலம். துணி இறக்கை விமானத்துக்கோ, பெருவிமானங்களின் நேர அட்டவணைக்கு நடுவே இடம் கேட்டு நிற்கும் நிலை.

அனுமதி விஷயம் இன்னும் சிக்கலானது. தென்கோடியில் கூடங்குளம் அணுமின் நிலையம். கடலோரத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட குலசேகரப்பட்டினம் ராக்கெட் ஏவுதளம். கரையை ஒட்டி 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. அப்பால் சர்வதேசக் கடல் எல்லை. 2007 மார்ச் 26-ஆம் தேதி விடுதலைப் புலிகள் சிறு விமானங்களைக் கொண்டு இலங்கையின் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தைத் தாக்கினர். அவை மைக்ரோலைட்டைவிடக் கனமானவையே எனினும், ஆகாயத்தில் தாழப் பறந்து வரும் எந்தச் சிறு விமானத்தையும் இக்கரையின் காவலர் விளையாட்டாக எண்ண இயலாது என்பதற்கு அச்சம்பவம் ஒன்றே போதும்.

எரிபொருள் பிரச்சினையே இப்போது புதிதாக மூண்டிருப்பது. இவ்விமானங்களுள் பெரும்பாலானவற்றுக்கு உயிராய் விளங்குவது ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் 912. நான்கு சிலிண்டர், 80 அல்லது 100 குதிரைத் திறன். தலைப்பகுதியைத் தண்ணீரும் சிலிண்டரைக் காற்றும் குளிர்விக்கும். நிமிஷத்துக்கு ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சுற்றுகளில் ஓடும் இதன் வேகத்தைப் பற்சக்கரப் பெட்டியொன்று குறைத்துச் சுழலிக்குத் தருகிறது. மோட்டார் வண்டிப் பெட்ரோலிலேயே ஓடும் என்பதுதான் இதன் பெருமை. ஆனால் தயாரிப்பாளர் அனுமதிப்பது நூற்றுக்குப் பத்து வரை எத்தனால் கலந்த பெட்ரோலை. நம் பெட்ரோல் பங்க்குகளில் 2025-க்குள் பரவிவிட்டதோ இருபது கலந்தது. எத்தனால் ரப்பர்க் குழாயையும் சில பிசின் தொட்டிகளையும் அரிக்கும், ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சிய நீர் ஓர் அளவைக் கடந்தாலோ, உயரத்தின் குளிர்ச்சி பட்டாலோ, நீரும் எத்தனாலும் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து தொட்டியின் அடியில் தேங்கும்; எஞ்சின் முதலில் உறிஞ்சுவதும் அந்த அடியைத்தான். ஈரம் மிகுந்த கடற்கரையில் இது ஏட்டளவான அச்சமன்று.

ஆகவே கவனமுள்ள மெக்கானிக், குறியிட்ட கண்ணாடிக் குழாயில் ஒரு பங்கு நீரும் பத்துப் பங்கு பெட்ரோலும் ஊற்றிக் குலுக்கி நிறுத்திப் பார்ப்பார். அடியிலுள்ள நீர்மட்டம் முன்னிருந்த கோட்டிலேயே நின்றால் பெட்ரோல் சுத்தம், உயர்ந்து தெரிந்தால் எத்தனால் அதனோடு வந்து சேர்ந்திருக்கிறது. மாற்று வழியாகிய ஆவ்காஸ் என்னும் விமானப் பெட்ரோல் நெடுங்காலம் இறக்குமதியாகி வந்தது; 2022-இல் அதனை இந்தியன் ஆயில் குஜராத்தில் தயாரிக்கத் தொடங்கியது. அதிலுள்ள ஈயம் ஸ்பார்க் பிளக்கிலும் எண்ணெயிலும் படிவதால், எண்ணெயை வழக்கத்துக்கு முன்பே மாற்ற வேண்டும். சிறு ஊரின் ஓடுதளத்துக்கு அதைப் பீப்பாயில் கொண்டுவரும் செலவும் உண்டு.

உப்புக்காற்றும் வெயிலும் உண்டாக்கும் சேதம் மெதுவானது. எஃகுக் கம்பிகள் முறுக்கின் உள்ளே துருப்பிடிக்கும். அலுமினியக் குழாய் திருகாணித் துளைகளின் ஓரத்தில் வெண்பொடி பூக்கும். டேக்ரான் துணி பார்வைக்குப் புதிது போலவே இருந்து வலிவிழக்கும். வில்சுருள் பொருத்திய ஊசியால் துணியைக் குறிப்பிட்ட அழுத்தத்தில் குத்திப் பார்ப்பது வழக்கம். கிழிந்தால் அந்த இறக்கைக்கு அன்றோடு ஓய்வு. ஆகையால் இக்கடற்கரையில் விமானம் வைத்திருக்க நினைப்பவர் முதலில் கட்ட வேண்டியது நல்ல கொட்டகை.

மின்சார விமானம் எரிபொருள் சங்கடத்துக்குப் பாதி விடையாகலாம். 2020-இல் ஐரோப்பியச் சான்று பெற்ற பிபிஸ்ட்ரெல் வேலிஸ் எலக்ட்ரோ, மின்கலத்தில் ஏறத்தாழ 50 நிமிஷமே பறக்கும். விமான நிலையத்தைச் சுற்றி ஏறி இறங்கிப் பழகும் மாணவனுக்கு இது போதும், தூத்துக்குடியிலிருந்து இராமேஸ்வரம் போய்த் திரும்ப எண்ணுபவனுக்குப் போதாது. பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வுக்கூடம் உருவாக்கி, 2022-இல் புதுச்சேரியின் கடல்மட்டக் காற்றில் சோதித்த ஹன்சா-என்.ஜி. ரோட்டாக்ஸ் எஞ்சினையே கொண்டது. எடையில் லைட் ஸ்போர்ட் வரம்பைக் கடந்தது. அதன் மின்சார வடிவம் ஒன்றையும் செய்யப்போவதாக 2025-இல் அரசாங்கம் அறிவித்திருக்கிறது.