உப்புக் கணக்கு எழுதிய கை

‘கான் வித் த விண்ட்’ படப்பிடிப்பு 1939இல் தடுமாறி நின்றபோது, பென் ஹெக்ட் என்ற எழுத்தாளரை அவசரமாகக் கூட்டி வந்தார்கள். ஒரு வாரம் போல உட்கார்ந்து திரைக்கதையைச் செப்பனிட்டுக் கொடுத்தார். படத்தில் அவர் பெயர் இல்லை. ஆஸ்கர் சிட்னி ஹோவர்டுக்குப் போனது.

தமிழ் சினிமாவுக்கும் அப்படிப் பெயர் வராமல் போன ஒருவர் உண்டு. தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். இளம் வயதில் தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கர் வேலை. 24 வயதில் அதை விட்டு நாடகத்துக்கு வந்துவிட்டார்.

எமன், சனீஸ்வரன், இரணியன் என்று மேடையை நடுங்க வைத்த நடிகர் அவர். அவருடைய வேஷத்தைப் பார்த்து மிரண்டு ஒரு பெண்ணுக்குக் கரு கலைந்துவிட்டதாகச் சொல்வார்கள். அந்த வேதனையில் அரிதாரத்தைத் துறந்து நாடக வாத்தியார் ஆனாராம்.

1918இல் மதுரையில் அவர் தொடங்கியது தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் நாடகக் குழு. அங்கே சேர்ந்த சிறுவர்களில் ஒருவர் டி.கே. சண்முகம். அந்தப் பிள்ளைக்காகவே ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி முடித்தார் சுவாமிகள், பாட்டும் வசனமுமாக முழு நாடகம்! ஹெக்டுக்கு ஒரு வாரம் பிடித்ததே.

1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் அவர் மறைந்தார். தமிழின் முதல் பேசும்படம் ‘காளிதாஸ்’ வந்தது 1931இல். ஆனால் பேசத் தொடங்கிய சினிமா கதை தேடி ஓடியது அவருடைய மேடைக்குத்தான். எம்.கே. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் நடித்த ‘பவளக்கொடி’ நாடகத்தைப் பார்த்துவிட்டுத்தான் இயக்குநர் கே. சுப்ரமணியம் அதை 1934இல் படமாக்கினார். படத்தில் 50 பாடல்கள். எழுதியவர் பாபநாசம் சிவன். என்றாலும், மகன் கேட்ட பவளத்தேருக்காக அர்ஜுனன் புறப்பட்டுப் போகும் அந்தக் கதையை ஊர் ஊராக மக்கள் மனதில் ஏற்றி வைத்தது சுவாமிகளின் நாடகம்தான். ‘வள்ளி திருமணம்’, ‘கோவலன்’, ‘நல்லதங்காள்’ எல்லாம் மேடையில் அவர் வளர்த்து, பிறகு திரைக்குப் போன கதைகளே.

கதை மட்டுமா? ஆட்களும் அவர் தயாரித்தவர்கள்தான். 1935இல் ராஜா சாண்டோ இயக்கிய ‘மேனகா’வில் சண்முகமும் அவர் உடன்பிறந்தவர்களுமான டி.கே.எஸ். சகோதரர்கள் நடித்தார்கள். நடிப்புக்கென்று கல்லூரி இல்லாத காலத்தில் அவருடைய பால சபைதான் அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்.

அவர் சமாதி புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. 2019 நடிகர் சங்கத் தேர்தலில் ஓர் அணி அவர் பெயரையே சூட்டிக்கொண்டு நின்றது. தூத்துக்குடி வாசகர்களே, காட்டுநாயக்கன்பட்டிப் பக்கம் போனால், இந்த வாத்தியாரைப் பற்றி அங்குள்ள பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.